கால் இன்ச்சுக்குள் ஒளிந்திருந்த மனிதர்

இந்த மாதம் வாழ்க்கை வரலாறு எழுதும் முறை எனக்கு. எடிசன், ராமானுஜன், கலாம் அய்யா எல்லாரையும் நீங்களே எழுதி முடிச்சிட்டீங்க. அதனால் நான் எடுத்திருக்கும் ஆள் கொஞ்சம் புதுசு. பெயர் கார்ல் எட்வர்ட் ஜோஹான்சன். ஸ்வீடன் நாட்டுக்காரர். நம்ம மல்லாங்கிணற்றில் இவரைப் பத்தி யாரும் பேசிக் கேட்டிருக்க மாட்டீங்க. ஆனால் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிச்ச அண்ணன்களிடம் ஸ்லிப் கேஜ் என்று சொல்லிப் பாருங்க, உடனே தலையாட்டுவாங்க. அந்த ஸ்லிப் கேஜைக் கண்டுபிடிச்சவர் இவர்தான். இன்ஜினியர்கள் உலகத்தில் மிகப் பெரிய பெயர்.

இவரை நான் தேடிப் போனதுக்கு ஒரு காரணம் உண்டு. அது கொஞ்சம் வெட்கமான காரணம். இருந்தாலும் சொல்லிடுறேன்.

எங்கப்பா விருதுநகரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். போன வருஷம் தீபாவளிக்கு முந்தின மாசம் சிவகாசியில் ஒரு அச்சகத்திலிருந்து அவசர வேலை வந்தது. வெளிநாட்டிலிருந்து எப்பவோ வந்த பழைய அச்சு இயந்திரம். அதில் ஷாஃப்ட்டையும் கியரையும் சேர்த்துப் பிடிக்கிற கீ உடைஞ்சு போச்சு. கீ என்றால் பூட்டுச் சாவி இல்லை. ஷாஃப்ட்டில் ஒரு பள்ளம் இருக்கும், கியரின் ஓட்டையில் ஒரு பள்ளம் இருக்கும், இரண்டுக்கும் நடுவில் உட்காரும் சின்னச் சதுரக் கம்பித் துண்டுக்குப் பெயர்தான் கீ. அது இருந்தால்தான் ஷாஃப்ட் சுற்றும்போது கியரும் சேர்ந்து சுற்றும்.

அன்னைக்கு ஞாயிற்றுக்கிழமை. நானும் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டுப் பட்டறைக்குப் போயிருந்தேன். அப்பா ஒரு துண்டுச் சீட்டில் ரெண்டு நூல் சதுரக் கம்பி, ஒரு அடி என்று எழுதி, இரும்புக் கடையில் வாங்கிட்டு வரச் சொன்னார். நூல் என்றால் நம்ம ஊர் ஆசாரிமார்கள், கொத்தனார்கள் கணக்கு. எட்டு நூல் சேர்ந்தால் ஒரு இன்ச். ரெண்டு நூல் என்றால் கால் இன்ச். கடையில் கால் இன்ச் கம்பி இல்லை. 6 எம்.எம். இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான் என்றார் கடைக்காரர். நானும் மனசுக்குள் கணக்குப் போட்டேன். இன்ச்சுக்கு 25 எம்.எம்., நாலால் வகுத்தால் 6.25, புள்ளிக்கு அப்புறம் இருப்பதை விட்டுடலாம். சரி என்று வாங்கிட்டு வந்துட்டேன். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குற பிள்ளை செய்த வேலை அது!

ராத்திரி சிவகாசியில் போய் மாட்டும்போதுதான் கீ லூசாக இருப்பது அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு. கடையெல்லாம் மூடிய நேரம். லேபிள் ஆர்டர் நிற்குது. வேற வழியில்லாமல் மெல்லிசுப் பித்தளைத் தகடு வெட்டி, பக்கத்தில் சொருகி இறுக்கிட்டு வந்தார். இரண்டு நாள் ஓடியது. மூணாவது நாள் தகடு நசுங்கி, கீ ஆட ஆரம்பிச்சு, ஆடின ஆட்டத்தில் ஷாஃப்ட்டின் பள்ளமே வாய் அகன்று போச்சு. மறுபடியும் ஷாஃப்ட்டைக் கழற்றி, பட்டறைக்குக் கொண்டு வந்து, பள்ளத்தைப் பெரிசாக வெட்டி, புதுக் கீ போட்டார்கள். அதற்குக் கூலி கிடையாது. அப்பாவுக்கு அந்த வாரச் சம்பளம் வரவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரச் சம்பளம்.

அப்பா என்னைத் திட்டவே இல்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

கால் இன்ச் என்பது 6.35 எம்.எம். நான் வாங்கி வந்தது 6. வித்தியாசம் 0.35. இந்தத் தாளை எழுதுகிற ஜெல் பேனாவின் முனை 0.5 எம்.எம். அந்த முனையைவிடக் குறைவான ஒரு இடைவெளி எங்க வீட்டுத் தீபாவளியைச் சாப்பிட்டுவிட்டது.

அப்புறம் பார்க்கிற இடமெல்லாம் எனக்கு இந்தக் குழப்பமே கண்ணில் பட்டது. நீங்களும் கவனிச்சுப் பாருங்க. பட்டாசு விலைப்பட்டியலில் கம்பி மத்தாப்பு 10 செ.மீ., 15 செ.மீ. என்று இருக்கும். அதே தாளில் லட்சுமி வெடி 4 இன்ச் என்று இருக்கும். பிளைவுட் வாங்கப் போனால் நீள அகலம் எட்டுக்கு நாலு அடி, கனம் மட்டும் 6 எம்.எம்., 12 எம்.எம்., 19 எம்.எம். அந்த 19 எங்கிருந்து வந்தது? முக்கால் இன்ச், அதாவது 19.05. இந்தச் சுவரிதழ் ஒட்டியிருக்கும் சார்ட்கூட 22க்கு 28 இன்ச்தான். கம்பிகளுக்கும் தகடுகளுக்கும் கேஜ் என்று வேற ஒரு கணக்கு. அதில் எண் கூடக் கூட கனம் குறையும். 16 கேஜ் கம்பி 1.63 எம்.எம்., 20 கேஜ் கம்பி 0.91 எம்.எம். தலைகீழ்!

நம்ம நாட்டில் மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956இல் வந்தது. 1958 அக்டோபரில் கிலோவும் கிராமும் கடைக்கு வர ஆரம்பிச்சது. சட்டம் மாறினால் தராசு மாறிடும், படிக்கல் மாறிடும். ஏற்கெனவே வார்த்து வச்ச இயந்திரம் மாறாதே. அது இன்ச்சில் பிறந்தால் சாகும்வரை இன்ச்தான்.

என் பெரியப்பா மகன் ஐ.டி.ஐ.யில் படிக்கிறார். அவரிடம் போய் ஒரு இன்ச் என்பது சரியாக எத்தனை எம்.எம். என்று கேட்டேன். 25.4 என்றார். அதற்கு மேல் எத்தனை தசமம் என்று கேட்டேன். ஒண்ணும் கிடையாது, அப்படியே முடிஞ்சுடும் என்றார். அதெப்படி? மீட்டர் பிரான்ஸில் பிறந்தது. இன்ச் இங்கிலாந்திலிருந்து வந்தது. ஒருத்தரை ஒருத்தர் தெரியாமல் வளர்ந்த இரண்டு அளவுகள் இவ்வளவு அழகாக எப்படிப் பொருந்தும்? யாரோ ஒருத்தர் பொருத்தி வச்சிருக்கணும் இல்லையா? அப்படித் தேடினபோதுதான் ஜோஹான்சன் கிடைச்சார்.

ஜோஹான்சன் பிறந்தது 1864 மார்ச் 15, ஸ்வீடனில் ஒரு கிராமத்துக் குடும்பத்தில். 18 வயதில், 1882இல், பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அந்தக் காலத்தில் ஸ்வீடன்காரர்கள் அப்படிக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அங்கே சில வருஷம் உழைத்து, கொஞ்சம் படித்து, ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். எஸ்கில்ஸ்டூனா என்ற ஊரில் அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். தொழில் கற்று, பிறகு அளவு சரிபார்க்கும் ஆய்வாளர் ஆனார்.

துப்பாக்கி செய்யும் இடத்தில் அளவு பார்க்கிறவர் வேலை சாதாரணம் இல்லை. ஒரு துப்பாக்கியின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் அப்படியே பொருந்த வேண்டும். அதற்காக ஒவ்வொரு அளவுக்கும் ஒரு இரும்புக் கட்டை செய்து வைத்திருப்பார்கள். 6.35 எம்.எம். பார்க்க ஒரு கட்டை, 6.36 பார்க்க வேற கட்டை. 1890களின் நடுவில் ஸ்வீடன் ராணுவத்துக்காக ஜெர்மனியின் மௌசர் வகைத் துப்பாக்கியைச் செய்ய முடிவானது. அதைப் பார்த்து வர ஓபர்ன்டார்ஃப் என்ற ஊரில் இருந்த மௌசர் தொழிற்சாலைக்குப் போன குழுவில் ஜோஹான்சனும் இருந்தார். அங்கே போய்ப் பார்த்தால் கட்டைகள் நூற்றுக்கணக்கில் அடுக்கி வச்சிருக்காங்க. நம்ம தொழிற்சாலைக்கும் இத்தனை செய்யணுமா என்று அவருக்கு மலைப்பு. எத்தனை செலவு, எத்தனை வருஷம்!

1896இல் ஊர் திரும்பும் ரயிலில் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு கட்டை எதற்கு? சில கட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்த்து வேண்டிய அளவைக் கட்டிக்கொள்ளலாமே! மளிகைக் கடையில் ஒவ்வொரு எடைக்கும் தனிப் படிக்கல்லா இருக்கு? இருக்கிற நாலைந்து கல்லைச் சேர்த்துப் போட்டுத்தானே எல்லா எடையும் நிறுக்கிறாங்க? அதே கதைதான். ஆனால் ரயிலிலேயே உட்கார்ந்து எந்தெந்தக் கட்டை வேணும் என்று கணக்குப் போட்டார் பாருங்க, அதை நான் நோட்டில் போட்டுப் பார்த்து அசந்துட்டேன்.

முதல் வரிசை: 1.01 எம்.எம்.மிலிருந்து 1.49 வரை, நூறில் ஒரு எம்.எம். கூட்டிக் கூட்டி 49 கட்டைகள். இரண்டாவது வரிசை: 0.5இலிருந்து 24.5 வரை, அரை எம்.எம். கூட்டி 49 கட்டைகள். அப்புறம் 25, 50, 75, 100 என்று நாலு. ஆக மொத்தம் 102. இவற்றைச் சேர்த்தால் 1 எம்.எம்.மிலிருந்து 201 எம்.எம். வரை, நூறில் ஒரு எம்.எம். இடைவெளியில், 20,000 அளவுகள் கிடைக்கும். 102 கட்டையில் 20,000 அளவு! எங்கப்பாவின் 6.35 வேணுமா? 1.35 கட்டையையும் 5 கட்டையையும் சேர்த்தால் போதும். பிளைவுட்டின் 19.05 வேணுமா? 1.05உம் 18உம். ஒரு இன்ச் வேணுமா? 1.40உம் 24உம். நீங்களும் ஏதாவது ஒரு எண்ணை நினைச்சுக்கிட்டுப் போட்டுப் பாருங்க, மதிய இடைவேளை போறதே தெரியாது.

கணக்கு சரி, செய்வது எப்படி? நாலு கட்டையை அடுக்கினால் நாலின் தப்பும் சேர்ந்துகொள்ளும். அதனால் ஒவ்வொன்றும் ஆயிரத்தில் ஒரு எம்.எம். அளவுக்குக்கூடப் பிசகக் கூடாது. அந்த வேலைக்கு அப்போது இயந்திரமே கிடையாது. ஜோஹான்சன் என்ன செய்தார் தெரியுமா? வீட்டிலிருந்த மனைவியின் தையல் மெஷினை எடுத்து, கட்டைகளைத் தேய்த்து மெருகேற்றும் இயந்திரமாக மாற்றிவிட்டார்! தொழிற்சாலையில் முரட்டு வேலை முடித்த கட்டைகள் வீட்டுக்கு வரும். வீட்டில் அவரும் மனைவி மார்கரெட்டாவும் தேய்ப்பார்கள். அந்த அம்மா தையலை என்ன செய்தார் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. எங்க வீட்டுத் தையல் மெஷினைத் தொட்டாலே அம்மா என்ன செய்வாங்க என்று எனக்குத் தெரியும். கண்டுபிடிப்பாளர் பட்டியலில் அந்த அம்மா பெயரையும் சேர்க்கணும் என்பது என் கருத்து.

இப்படித் தேய்த்துத் தேய்த்து முகம் அவ்வளவு சமமானபோது ஒரு அதிசயம் நடந்தது. இரண்டு கட்டைகளைத் துடைத்து, ஒன்றின் மேல் ஒன்றை அழுத்தி நகர்த்தினால் அவை ஒட்டிக்கொண்டன. பசையும் இல்லை, காந்தமும் இல்லை. எண்ணெய் அல்லது ஈரத்தின் மிக மெல்லிய படலமும், மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஈர்ப்பும்தான் பிடித்துக்கொள்கின்றன. நேராகப் பிடித்து இழுத்தால் சுலபத்தில் வராது, முறுக்கி நகர்த்தித்தான் பிரிக்கணும். அண்ணன் படிக்கும் ஐ.டி.ஐ.யில் ஒரு நாள் இதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மரப்பெட்டியில் வரிசையாக, சாக்லேட் மாதிரி பளபளவென்று இருக்கு. வெறும் விரலால் தொடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிட்டாங்க. விரல் ஈரம் பட்டால் துரு பிடிக்கும், விரல் சூடு பட்டால் நீளும்.

சூட்டில் நீளும் என்பதுதான் அடுத்த சிக்கல். அறிவியல் பாடத்தில் தண்டவாளம் வெயிலில் நீளும் என்று படித்தோமே, அதேதான். மீட்டர் அளவைப் பூஜ்யம் டிகிரி செல்சியஸில் வைத்துக் கணக்கிட்டார்கள். இங்கிலாந்துக்காரர்கள் இன்ச்சை 62 டிகிரி ஃபாரன்ஹீட்டில் கணக்கிட்டார்கள். பட்டறையில் வேலை செய்கிறவன் எந்தச் சூட்டில் அளப்பான்? ஜோஹான்சன் 20 டிகிரி செல்சியஸை எடுத்துக்கொண்டார். மனுஷன் உட்கார்ந்து வேலை செய்யும் அறையின் சூடு அது, அவங்க ஊருக்கு. நம்ம கந்தக பூமியில் சித்திரை வெயிலில் 38 டிகிரி அடிக்கும்போது அவருடைய 100 எம்.எம். கட்டை நூறில் இரண்டு எம்.எம். நீண்டிருக்கும். கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கட்டைக்கு அது பெரிய தப்பு. அதனால்தான் அளவு பார்க்கும் அறைக்கு மட்டும் ஏ.சி. போடுகிறார்கள். 1931இல் உலக நாடுகள் சேர்ந்து அந்த 20 டிகிரியையே பொது விதியாக ஏற்றுக்கொண்டன.

அவருடைய கட்டைகள் ஐரோப்பா முழுக்கப் பரவின. 1908 வாக்கில் அமெரிக்காவில் காடிலாக் கார் கம்பெனியை நடத்திய ஹென்றி லேலண்ட் ஒரு பெட்டி வாங்கினார். இங்கேதான் எங்கப்பாவின் கால் இன்ச் கதைக்குள் வருகிறது. அமெரிக்காவும் இங்கிலாந்தும் இன்ச்சில் வேலை செய்கிற நாடுகள். அவர்களுக்கு இன்ச் கட்டைகள் வேணும். ஆனால் எந்த இன்ச்?

ஆச்சரியமா இருக்கா? அப்போது இன்ச்சே இரண்டு இருந்தது! இங்கிலாந்தின் இன்ச் 25.399977 எம்.எம். அமெரிக்காவின் இன்ச் 25.4000508 எம்.எம். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. இருந்தாலும் சட்டப்படி இரண்டும் வேறு வேறு. இரண்டு நாட்டுக்கும் தனித்தனியாகக் கட்டை செய்வதா? 1912இல் இன்ச் கட்டைகள் செய்யத் தொடங்கியபோது ஜோஹான்சன் இரண்டையுமே எடுக்கவில்லை. நடுவில் இருந்த 25.4ஐ எடுத்தார். 20 டிகிரி சூட்டில், ஒரு இன்ச் 25.4 எம்.எம்., அவ்வளவுதான். இரண்டு நாட்டின் சட்டத்துக்கும் அது இன்ச்சின் பத்து லட்சத்தில் சில பங்குக்குள் அடங்கிவிட்டது. எந்தப் பட்டறைக்காரனாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

எந்த அரசாங்கமும் அவரைக் கேட்கவில்லை. எந்த மாநாடும் கூடவில்லை. ஒரு பட்டறை மனிதர் தன் வேலைக்கு வசதியாக எடுத்த முடிவு. ஆனால் நல்ல கட்டை வேணும் என்றால் அவருடையதைத்தான் வாங்கணும் என்று இருந்ததால், அந்த இன்ச்சே எல்லாப் பட்டறையிலும் நுழைந்துவிட்டது. 1930இல் இங்கிலாந்தின் தர நிர்ணய அமைப்பு தொழில் வேலைக்கு 25.4 என்று ஏற்றது. 1933இல் அமெரிக்க அமைப்பும் ஏற்றது. அமைப்புகள் ஏற்றன, சட்டம் இன்னும் அசையவில்லை.

1923இல் ஹென்றி ஃபோர்டு அவரைத் தன் கார் கம்பெனிக்கு அழைத்துக்கொண்டார். 18 வயதில் கூலி வேலைக்குப் போன அதே அமெரிக்காவுக்கு ஏறக்குறைய 60 வயதில் அளவு நிபுணராகப் போனார். 1936 வரை அங்கே வேலை பார்த்து, 72 வயதில் ஓய்வு பெற்று ஸ்வீடனுக்குத் திரும்பினார். 1943 செப்டம்பர் 30 அன்று எஸ்கில்ஸ்டூனாவில் காலமானார். அந்த வருஷம், அவர் இறந்த பிறகு, ஸ்வீடனின் பொறியியல் அறிவியல் கழகம் அவருக்குப் பெரிய தங்கப் பதக்கம் கொடுத்தது. உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்கலாம்.

அவர் இறந்து 16 வருஷம் கழிச்சு, 1959 ஜூலை 1இலிருந்து, அமெரிக்கா, இங்கிலாந்து உள்ளிட்ட ஆறு நாடுகள் ஒரு கெஜம் என்பது சரியாக 0.9144 மீட்டர் என்று ஒப்புக்கொண்டன. அதை 36ஆல் வகுத்துப் பாருங்க. சரியாக 25.4 எம்.எம். வரும். தையல் மெஷினில் கட்டை தேய்த்தவரின் இன்ச்!

இதையெல்லாம் படிச்சுட்டு அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒண்ணும் பேசாமல் மறுநாள் என்னைப் பட்டறைக்குக் கூட்டிப் போனார். சுவரில் ஆணியில் ஒரு பெரிய பல் சக்கரம் தொங்கியது. பல்லை எண்ணச் சொன்னார். கறுப்பு கிரீஸில் விரல் வச்சு எண்ணினேன். இரண்டு தடவை தப்பிப் போய், மூணாவது தடவை 127 வந்தது. இன்ச் கணக்கில் செய்யப்பட்ட லேத்தில் எம்.எம். மரை வெட்டணும் என்றால் இந்தச் சக்கரத்தைத்தான் மாட்டுவோம் என்றார். ஏன் 127 என்று அவருக்குத் தெரியாது, அவருக்குச் சொல்லிக் கொடுத்த மேஸ்திரிக்கும் தெரியாதாம். எனக்குத் தெரிந்தது. 25.4ஐ ஐந்தால் பெருக்கினால் 127. இன்ச் 25.4இல் சரியாக முடிவதால்தான் அந்தச் சக்கரமும் துளி மிச்சம் இல்லாமல் பொருந்துகிறது. தரையில் சாக்பீஸால் கணக்கை எழுதிக் காட்டினேன். பட்டறை அண்ணாச்சியும் வந்து நின்னு பார்த்தார்.

அப்புறம் அப்பா ஒரு துண்டுச் சீட்டை நீட்டி நூல் கணக்கை எழுதச் சொன்னார். ஒரு நூல் 3.175. ரெண்டு நூல் 6.35. மூணு நூல் 9.525. நாலு நூல் 12.7. அஞ்சு நூல் 15.875. ஆறு நூல் 19.05. ஏழு நூல் 22.225. எட்டு நூல் 25.4. இப்போது அது லேத்துக்கு மேலே, முருகன் படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கு. சிவகாசி இயந்திரத்துக்குப் போட்ட பெரிய கீ இன்னும் ஆடாமல் ஓடுதாம். பழைய 6 எம்.எம். கீ என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கு. பார்க்கணும் என்றால் இடைவேளையில் வந்து கேளுங்க.